தோலில் தெரிவதற்கு முந்தைய நாள்கள்: குரங்கம்மையும் விலங்கு மாதிரிகளும் உடலுக்குள் எடுக்கும் படங்களும் – ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

2019 ஏப்ரல் 28ஆம் தேதி நைஜீரியாவிலிருந்து ஓர் ஆடவர் பயிலரங்கு ஒன்றில் கலந்துகொள்வதற்காகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 29, 30 ஆகிய இரு நாள்களும் பயிலரங்குக்குச் சென்றார். 30ஆம் தேதி அவருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் குளிர்நடுக்கமும் கண்டன. தோலில் தடிப்புகள் எழுந்தன. மே 1 முதல் 7 வரை பெரும்பாலும் ஹோட்டல் அறையிலேயே தங்கியிருந்தவரை 7ஆம் தேதி ஆம்புலன்ஸில் டான் டோக் செங் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். அங்கிருந்து அவர் தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்துக்கு அனுப்பப்பட்டார். மறுநாள், மே 8ஆம் தேதி, அவருக்கு வந்திருப்பது குரங்கம்மைதான் என்று பரிசோதனை உறுதிசெய்தது. சிங்கப்பூரில் அடையாளம் காணப்பட்ட முதல் குரங்கம்மை நோயாளி அவர்.

அவருடன் நெருங்கிய தொடர்பில் இருந்தவர்களாகச் சுகாதார அமைச்சு 23 பேரைக் கண்டறிந்தது. பயிலரங்கில் பங்கேற்ற 18 பேர், பயிற்றுநர் ஒருவர், அந்த இடத்தின் ஊழியர் ஒருவர், ஹோட்டல் ஊழியர்கள் மூவர். கடைசியாக அவருடன் தொடர்பு ஏற்பட்ட நாளிலிருந்து 21 நாள்கள் தனிமைப்படுத்த வேண்டும் என்பது விதி. சிங்கப்பூருக்கு வருமுன் நைஜீரியாவில் ஒரு திருமணத்தில் காட்டு விலங்கின் இறைச்சியை உண்டதால் அவருக்குக் கிருமி தொற்றியிருக்கலாம் என்று அமைச்சு தெரிவித்தது. அவரிடமிருந்து இங்கே வேறு எவருக்கும் நோய் பரவவில்லை.

பொதுச் சுகாதார நடவடிக்கை என்ற அளவில் இந்த நிகழ்வைப் பற்றிச் சொல்வதற்கு இனி அதிகம் இல்லை. விரைவாகக் கண்டுபிடித்தார்கள், தனிமைப்படுத்தினார்கள், முடிந்தது. கதிர்ப்படப் பிரிவில் பணியாற்றும் என்னை அதில் இழுத்து நிறுத்துவது வேறொரு கேள்வி. கிருமி அவர் உடலுக்குள் புகுந்தது நைஜீரியாவில். தோலில் தடிப்பு எழுந்தது சிங்கப்பூரில். குரங்கம்மையின் நோயரும்பும் காலம், அதாவது கிருமி புகுந்ததிலிருந்து அறிகுறி தோன்றும் வரையான காலம், பொதுவாக 5 முதல் 21 நாள்கள் வரை நீளும். விமானத்தில் அமர்ந்திருந்தபோதும், 29ஆம் தேதி எந்த அறிகுறியும் இல்லாமல் பயிலரங்கில் இருந்தபோதும், கிருமி அவர் உடலில் எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது? நோயாளி மருத்துவமனைக்கு வருவதே தடிப்பு எழுந்த பிறகுதான் என்பதால், அந்த நாள்களை ஸ்கேன் கருவிகள் மனிதரிடம் நேரில் பார்ப்பதில்லை. அம்மை நோய்களின் போக்கைத் தீர்மானிப்பவையோ பெரும்பாலும் அந்த நாள்கள்தான். அவற்றைப் பற்றி நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி விலங்கு மாதிரிகளிடமிருந்து, அதாவது மனித நோயைப் புரிந்துகொள்வதற்காக நோயூட்டிப் படிக்கப்படும் விலங்குகளிடமிருந்து, வந்தது.

சிங்கப்பூரிலிருந்து போன குரங்குகள்

இந்தக் கிருமி முதன்முதலில் மனிதனின் கண்ணில் பட்டது 1958இல், கோப்பன்ஹேகனில் உள்ள டென்மார்க் அரசு சீரம் கழகத்தின் விலங்குக் கூடத்தில். ஆய்வுக்காக அங்கு வைக்கப்பட்டிருந்த நீண்டவால் குரங்குகளிடையே அந்த ஆண்டு இரண்டு முறை அம்மை போன்ற கொப்புள நோய் கிளம்பியது. அந்தக் குரங்குகள் சிங்கப்பூர் வழியாக ஏற்றுமதி செய்யப்பட்டவை. இன்று மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் நடைபாதையிலும் புக்கிட் தீமா அடிவாரத்திலும் நாம் பார்க்கும் அதே இனம்.

குரங்குகளில் முதலில் தென்பட்டதால் நோய்க்குக் குரங்கம்மை என்ற பெயர் நிலைத்தது. ஆனால் இந்தக் கிருமியின் இயற்கை வாழிடம் ஆப்பிரிக்கா, ஆசியா அல்ல. அங்கும்கூடக் குரங்கு அதன் நிரந்தர இருப்பிடமாகத் தெரியவில்லை. அணில்கள், எலிகள் போன்ற கொறித்துண்ணிகள்மீதே சந்தேகம் வலுவாக இருக்கிறது. 1964இல் ராட்டர்டாம் விலங்கியல் தோட்டத்தில் நோய் எறும்புதின்னிகளில் தொடங்கி ஒராங் ஊத்தான்களைக் கொன்றது. 2003இல் கானாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான கொறித்துண்ணிகள், அவற்றுடன் ஒரே இடத்தில் அடைக்கப்பட்டிருந்த பிரெய்ரி நாய்களுக்கு நோயைக் கொடுத்தன. அவற்றைச் செல்லப் பிராணிகளாக வாங்கியவர்கள் உட்பட ஆறு மாநிலங்களில் 47 பேருக்கு நோய் ஏற்பட்டது. பிரெய்ரி நாய் என்பது பெயரில்தான் நாய். அது நில அணில் வகை. மனிதருக்கு நோய் வருவது தெரிந்ததோ 1970இல், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் பசன்குசுவில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்றிடம்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நோய்வாய்ப்படும் விலங்கு ஒன்று, கிருமியைச் சுமந்து திரியும் விலங்கு வேறொன்று. கன்னப்பை கொண்ட காம்பிய ராட்சத எலிகளில், ஒளிரும்படி மாற்றப்பட்ட குரங்கம்மைக் கிருமியைச் செலுத்திப் படமெடுத்த அமெரிக்க வனவிலங்கு ஆய்வாளர்கள், வெளியே நோய்க்குறி அதிகம் காட்டாத எலிகள்கூடக் கிருமியை வெளியேற்றுவதைக் கண்டார்கள். பிரெய்ரி நாயோ மனிதரைப் போலச் சில நாள் ஒன்றும் இல்லாமல் இருந்து, பிறகு உடல் முழுவதும் கொப்புளம் காட்டுகிறது. பரவலைப் படிக்க ஒரு விலங்கு, நோயைப் படிக்க மற்றொன்று என்று தேர்வு செய்ய வேண்டியிருப்பது இதனால்தான். எல்லாக் கேள்விக்கும் விடை தரும் ஒரே விலங்கு மாதிரி அம்மை நோய்களில் இல்லை.

ஃபென்னரின் எலிகள்

நோயரும்பும் காலத்தின் முதல் வரைபடத்தை வரைந்தவர் ஆஸ்திரேலியரான ஃபிராங்க் ஃபென்னர். மெல்பர்னில் அவர் எடுத்துக்கொண்டது எலியம்மைக் கிருமியை; பெரியம்மைக் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த அது எலிகளையே தாக்கும். எலியின் பாதத்தில் சிறு அளவு கிருமியைச் செலுத்தினார். பிறகு ஒவ்வொரு நாளும் சில எலிகளைக் கொன்று, ஒவ்வோர் உறுப்பிலும் எவ்வளவு கிருமி இருக்கிறது என்று அளந்தார். 1948இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் மருத்துவப் பாடநூல்களில் இருக்கிறது. கிருமி முதலில் அருகிலுள்ள நிணநீர்க்கணுவை, அதாவது நோயெதிர்ப்பு உயிரணுக்கள் கூடியிருக்கும் சிறு முடிச்சை, அடைகிறது. அங்கிருந்து இரத்தத்தில் சிறிதளவு கலந்து கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. அங்கே பல்கிப் பெருகி, இரண்டாம் முறையாகப் பேரளவில் இரத்தத்தில் இறங்குகிறது. அதன் பிறகே தோலுக்கு வருகிறது. தோலில் தடிப்பைப் பார்க்கும்போது உள்ளுறுப்புகளில் போர் பாதி முடிந்திருக்கும்.

நம் வீட்டுப் பெரியவர்கள், முத்து நன்றாக வெளியே வந்துவிட்டால் பயமில்லை, உள்ளேயே தங்கினால்தான் பயம் என்று சொல்வார்கள். அந்த நம்பிக்கையை மருத்துவ விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. எலியம்மையில் மட்டும் அதற்கு நெருக்கமான ஒன்றை ஃபென்னர் உண்மையாகவே கண்டார். நோய் மிகக் கடுமையாகத் தாக்கிய எலிகள், கல்லீரல் சிதைந்து, தோலில் ஒரு தடிப்பும் தோன்றுவதற்கு முன்பே இறந்தன. தடிப்பை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அந்த எலிகளை நோயே இல்லாதவை என்று எழுதியிருப்போம்.

பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் உலகச் சுகாதார மன்றத்தில் அறிவித்தவரும் இதே ஃபென்னர்தான். தேதி மே 8. அம்மை குத்துவது அதையடுத்துச் சிங்கப்பூரிலும் நின்றது. மேற்கையில் வட்டத் தழும்பு உள்ள தலைமுறைக்குக் குரங்கம்மையிலிருந்தும் ஓரளவு பாதுகாப்பு எஞ்சியிருக்கிறது. அவர்களின் பிள்ளைகளுக்கு இல்லை. பெரியம்மை போன பிறகும் இந்தக் கிருமிக் குடும்பத்தை ஆய்வுக்கூடங்கள் கைவிடாமல் இருப்பதற்கு இது போதுமான காரணம்.

கொல்லாமல் பார்ப்பது

ஃபென்னரின் முறையில் அடிப்படையான குறை ஒன்று இருந்தது. அது அவருடைய குறையல்ல, காலத்தின் குறை. மூன்றாம் நாள் கொல்லப்பட்ட எலி ஒன்பதாம் நாள் பிழைத்திருக்குமா, இறந்திருக்குமா என்பதை யாரும் அறிய முடியாது. ஒவ்வொரு நாளின் அளவும் வேறு வேறு உடல்களிலிருந்து வந்தது. ஆகவே சராசரி கிடைத்தது. தனியோர் உயிரின் கதை கிடைக்கவில்லை. ஒரே விலங்கை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை பார்க்க முடிந்தால், இந்த நாளில் இந்த இடத்தில் இப்படி இருந்தது பிழைத்தது, அப்படி இருந்தது இறந்தது என்று சொல்லலாம். படமெடுப்பின் பயன் இதுதான். விலங்குகளின் எண்ணிக்கை குறைவது அதனுடன் சேர்ந்து வரும் நன்மை. விலங்கு ஆய்வுக்கென 2004 முதல் நடப்பில் உள்ள சிங்கப்பூரின் வழிகாட்டி நெறிகளும் விலங்குகளின் எண்ணிக்கையையும் துன்பத்தையும் குறைப்பதை வலியுறுத்துகின்றன.

சிறு விலங்குகளில் இதற்குக் கைகொடுத்தது மின்மினிப் பூச்சி. அதன் ஒளிக்குக் காரணமான லூசிஃபெரேஸ் என்னும் நொதியின் மரபணுவை அம்மைக் கிருமிக்குள் பொருத்திவிடுகிறார்கள். கிருமி பெருகும் இடத்தில் நொதியும் உண்டாகும். படமெடுக்கும் நாளில் எலிக்கு ஐசோஃப்ளூரேன் வாயுவால் மயக்கம் கொடுத்து, அந்த நொதி பட்டால் ஒளிரும் லூசிஃபெரின் என்ற பொருளை வயிற்றில் ஊசியால் செலுத்தி, அது உடலெங்கும் பரவச் சில நிமிடங்கள் விட்டு, ஒளி புகாத பெட்டிக்குள் கிடத்துகிறார்கள். உறைநிலைக்கும் கீழே குளிர்விக்கப்பட்ட கேமரா, கண்ணுக்குத் தெரியாத அந்த மங்கலான ஒளியைச் சேகரிக்கிறது. திரையில் எலியின் சாம்பல்நிறப் படத்தின்மீது நீலத்திலிருந்து சிவப்பு வரை நிறத்திட்டுகள் விழுகின்றன. மூக்கில் கிருமி ஏற்றிய எலியென்றால் முதலில் முகம், பிறகு மார்பு, பிறகு வயிறு. மயக்கம் தெளிந்ததும் எலி கூண்டுக்குத் திரும்புகிறது. அடுத்த முறை அதே எலி, அதே பெட்டி.

நிறத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. ஆழத்தில் உள்ள உறுப்பிலிருந்து வரும் ஒளியைத் தசையும் இரத்தமும் விழுங்கிவிடும். கருமையான ரோமமும் தடுக்கும், மழித்தாக வேண்டும். தோலுக்கு அருகே உள்ள சிறு புண் பிரகாசமாகத் தெரியும்போது கல்லீரலில் உள்ள பெரும் பாதிப்பு மங்கலாகத் தெரியலாம். புதிய மரபணுவைச் சுமக்கும் கிருமி மூலக்கிருமியைப் போலவே வீரியத்துடன் இருக்கிறதா என்பதையும் தனியே சோதிக்க வேண்டும்.

எந்த எலி என்பதும் முக்கியம். ஆய்வுக்கூடங்களில் சாதாரணமாக வளர்க்கப்படும் எலிகளைக் குரங்கம்மை பெரிதாகத் தீண்டுவதில்லை. 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 38 எலி வம்சங்களைச் சோதித்து, அவற்றில் மூன்று மட்டுமே கடுமையாகப் பாதிக்கப்படுவதைக் கண்டார்கள். அவற்றுள் அதிகம் பயன்படும் வம்சம் தாய்லாந்தில் பிடிக்கப்பட்ட எலிகளின் வழிவந்தது. குரங்கம்மைக் கிருமியின் வகைகளான, மத்திய ஆப்பிரிக்காவில் காணப்படும் முதற்கிளை, மேற்கு ஆப்பிரிக்க இரண்டாம் கிளை, 2022இல் உலகெங்கும் பரவிய அதன் உட்பிரிவு ஆகியவற்றின் வீரியம் அந்த வரிசையிலேயே குறைவதைப் பின்னர் காட்டியதும் இதே எலிதான். மனிதரிடம் கண்ட போக்கோடு அது ஒத்துப்போகிறது. ஆனால் நோயெதிர்ப்பில் குறையுள்ள எலி அது. ஒத்துப்போவதைக் கொண்டு எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் என்று முடிவுகட்ட முடியாது.

குழாய்க்குள் குரங்கு

பெரிய விலங்குகளில் ஒளி உதவாது. அங்கே மருத்துவமனைகளில் நமக்குப் பழக்கமான பெட், சி.டி. ஸ்கேன் கருவிகள் வருகின்றன. சி.டி. ஊடுகதிரால் உறுப்புகளின் வடிவைக் காட்டும்; பெட், உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருள் எங்கே சேர்கிறது என்பதைக் காட்டும். மேரிலாந்தின் ஃபோர்ட் டெட்ரிக் வளாகத்தில் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்கள் நடத்திவந்த, 2025 ஏப்ரலில் பணிகள் நிறுத்திவைக்கப்பட்ட ஆய்வகத்தில், உச்சப் பாதுகாப்பு வளையத்துக்குள்ளேயே படமெடுக்க வழிசெய்திருந்தார்கள். ஸ்கேன் கருவியை அந்த வளையத்துக்குள் வைத்தால் பழுதுபார்க்க வரும் பொறியாளர் உட்பட எல்லாரும் காற்றழுத்த உடையுடன் நுழைய வேண்டும். ஆகவே கருவியை வெளிப்பக்கம் வைத்து, அதன் துளை வழியே மூடப்பட்ட ஒளிபுகும் குழாயை நுழைத்திருந்தார்கள். குழாயின் உட்புறம் கிருமிப் பக்கத்தைச் சேர்ந்தது. மயக்கத்தில் இருக்கும் குரங்கு அந்தக் குழாய்க்குள் தள்ளப்பட்டது. கருவி அதைச் சுற்றி நின்று படமெடுத்தது, ஆனால் ஒருபோதும் அதன் காற்றைத் தொட்டதில்லை. ஸ்கேன் அறையில் வேலை செய்பவர்கள் யாரும் இந்த ஏற்பாட்டைப் பொறாமையோடுதான் பார்ப்பார்கள்.

நீண்டவால் குரங்குகளில் குரங்கம்மையைப் பெட், சி.டி. கொண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. கதிரியக்க ஃப்ளூரின் ஏற்றிய குளுக்கோஸைச் செலுத்தி, அது எங்கே சேர்கிறது என்று பார்த்தார்கள். அந்த ஃப்ளூரினின் அரைவாழ்வு ஏறத்தாழ 110 நிமிடங்கள் என்பதால் தயாரிப்பதிலிருந்து படமெடுப்பது வரை எல்லாம் ஒரே நாளுக்குள் முடிய வேண்டும். மூச்சுக்குழாய் வழியாகக் கிருமி ஏற்றிய குரங்குகளில் நுரையீரல் அழற்சி தெரிந்தது. அது ஒரு மடலோடு நிற்காமல் பரவியபோது நோயும் கடுமையாக இருந்தது. இரத்தக் குழாய் வழியாக ஏற்றினாலும் மூச்சுக்குழாய் வழியாக ஏற்றினாலும் அக்குள் நிணநீர்க்கணுக்கள் பெருத்தன. குரங்கம்மையில் நெறி கட்டுவது மனிதருக்கும் உரிய அடையாளம்; பெரியம்மையிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவதும் அதுவே. என்னைக் கவர்ந்த முடிவு வேறு. பிழைத்த குரங்குகளின் அக்குள் கணுக்களில், கிருமி ஏற்றப்பட்ட சமயத்திலேயே, நோயின் அறிகுறி எதுவும் இல்லாத நிலையிலேயே, குளுக்கோஸ் ஏற்பு அதிகமாக இருந்தது. நோயெதிர்ப்பு ஏற்கெனவே விழித்திருந்த உடல் தப்பித்திருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. ஆய்வில் இருந்த குரங்குகளோ மிகச் சில; இதை ஒரு கருதுகோளாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

குளுக்கோஸ் படம் காட்டுவது கிருமியை அல்ல, சர்க்கரையை வேகமாக எரிக்கும் உயிரணுக்களை. மூளை, இதயம், சிறுநீர்ப்பை ஆகியவை எந்த நோயும் இல்லாமலே ஒளிரும். குரங்கின் கணு சில மில்லிமீட்டர்தான். பெட் கருவியால் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவும் (பிரிதிறன்) அதுவே என்பதால் சிறிய கணுவின் உண்மையான ஏற்பு குறைத்தே காட்டப்படும். நோய் முற்றிய விலங்குக்கு அடிக்கடி மயக்கம் கொடுப்பது அதன் நோயையே மாற்றக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. தினமும் ஸ்கேன் எடுக்க முடியும் என்பதற்காகத் தினமும் எடுப்பது சரியல்ல என்பது என் திடமான கருத்து.

எந்த வழி, எவ்வளவு, எந்த நாள்

விலங்கு மாதிரியின் மதிப்பு நோயை எப்படி உண்டாக்கினார்கள் என்பதில் இருக்கிறது. பெரியம்மைக் கிருமியையே நீண்டவால் குரங்குகளுக்கு ஏற்றிப் பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. மனிதருக்கு மிகச் சிறிதளவே போதும் என்று கருதப்படும் அந்தக் கிருமியை, குரங்குக்கு நோய் வரவைப்பதற்காக, பத்துக் கோடி முதல் நூறு கோடி வரை நேரே இரத்தத்தில் செலுத்த வேண்டியிருந்தது. அப்படிச் செய்தால் ஃபென்னர் காட்டிய முதல் கட்டங்கள் எல்லாம் தாண்டப்பட்டுவிடுகின்றன; நோய் இரண்டாம் இரத்தப் பரவலிலிருந்தே தொடங்குகிறது. நோயரும்பும் காலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இதன் விளைவு டெக்கோவிரிமாட் என்னும் மருந்தின் வரலாற்றில் தெரிகிறது. கிருமி தனக்கு வெளியுறை போர்த்திக்கொண்டு உடலில் பரவுவதைத் தடுக்கும் மருந்து அது. பெரியம்மை நோயாளிகள் உலகில் இல்லாததால், மனிதரிடம் பாதுகாப்பையும் விலங்குகளிடம் பலனையும் காட்டி, 2018 ஜூலையில் அமெரிக்கா அதை அனுமதித்தது. பாதுகாப்பைக் காட்டியவர்கள் நோயற்ற 359 தன்னார்வலர்கள்; பலனைக் காட்டியவை குரங்கம்மை ஏற்றப்பட்ட குரங்குகளும் முயலம்மை ஏற்றப்பட்ட முயல்களும். இரத்தத்தில் கிருமி ஏற்றி நான்காம் நாளில் மருந்து தொடங்கிய குரங்குகள் பெரும்பாலும் பிழைத்தன. மருந்தில்லாதவை பெரும்பாலும் இறந்தன.

பிறகு மனிதரிடம் சோதித்தார்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசில் முதற்கிளைக் குரங்கம்மை கண்ட 597 பேரிடம் மருந்தையும் மருந்துப்போலியையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. புண்கள் ஆறும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. இறப்பு விகிதம் ஒட்டுமொத்தமாக 1.7 விழுக்காடு, மருந்து பெற்றோர், பெறாதோர் இடையே வேறுபாடில்லை. நாட்டின் பொதுவான விகிதமான 3.6 விழுக்காட்டைவிட அது குறைவு. மருத்துவமனையில் வைத்துக் கொடுத்த உணவும் நீரும் கவனிப்புமே உயிர்களைக் காத்திருக்க வேண்டும்.

குரங்குகள் பொய் சொல்லவில்லை. அவற்றிடம் கேட்கப்பட்ட கேள்வி, மரணம் நிச்சயம் என்ற நிலையில் சீக்கிரம் கொடுத்த மருந்து உயிரைக் காக்குமா என்பது. மனிதரிடம் கேட்கப்பட்டது, தடிப்பு எழுந்து சில நாள் கழித்து வந்தவருக்குப் புண் விரைவில் ஆறுமா என்பது. நம் 2019 நோயாளி மருத்துவமனைக்கு வந்த நாளை இதோடு வைத்துப் பார்க்கலாம்: தடிப்பு தொடங்கியது ஏப்ரல் 30, ஆம்புலன்ஸ் வந்தது மே 7. கிருமி ஏற்கெனவே தோலை அடைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பரவலைத் தடுக்கும் மருந்துக்கு அந்தக் கட்டத்தில் தடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் எஞ்சியிருக்காது. குரங்கின் நான்காம் நாளும் மனிதரின் முதல் மருத்துவமனை நாளும் நோயின் ஒரே கட்டம் அல்ல. இரண்டையும் நாள்காட்டியால் ஒப்பிடாமல், கணு, மண்ணீரல், நுரையீரல் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் படத்தால் ஒப்பிட்டிருந்தால் இந்த இடைவெளி முன்பே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். விலங்குக்கும் மனிதருக்கும் ஒரே கருவியால் படமெடுக்க முடியும் என்பதே பெட், சி.டி. முறைகளின் பெரும் பலம். மருந்து ஆய்வுகளில் அந்தப் பலம் இன்னும் போதிய அளவு பயன்படவில்லை.

2022இல் நோய் உலகெங்கும் பரவி, ஜூன் மாதம் சிங்கப்பூருக்கும் மீண்டும் வந்தபோது, வழி பற்றிய கேள்வி இன்னும் கூர்மையானது. அப்போது நோயுற்றவர்களில் பலருக்குக் கிருமி நெருங்கிய உடலுறவின்போது தோல், சளிச்சவ்வு வழியாக நுழைந்திருந்தது. அவர்களின் வயிற்று, இடுப்பு சி.டி. படங்களில் மலக்குடல் சுவர் தடித்திருப்பதும் அருகிலுள்ள கணுக்கள் பெருத்திருப்பதும் தெரிந்தன. மூக்கு, மூச்சுக்குழாய், இரத்தக்குழாய் ஆகியவற்றின் வழியே நோயூட்டிய பழைய மாதிரிகள் எவையும் அந்தப் படத்தை முன்கூட்டிக் காட்டியிருக்க முடியாது. 2023இல் ஓர் அமெரிக்கக் குழு, ரீசஸ் குரங்குகளுக்கு இரத்தக்குழாய் வழியே மட்டுமின்றித் தோலுக்குள்ளும் மலக்குடல் வழியாகவும் குரங்கம்மைக் கிருமியை ஏற்றி, மூன்று வழிகளிலும் தொற்று ஏற்படுவதையும், ஒருமுறை நோய் கண்ட குரங்குக்கு மறுமுறை பாதுகாப்பு இருப்பதையும் காட்டியது. அந்தக் குரங்குகளை முதல் நாளிலிருந்தே குழாய்க்குள் வைத்துப் படமெடுத்தால், நுழைந்த இடத்துக் கணுவிலிருந்து கிருமி எந்த நாளில் இரத்தத்துக்கு இறங்குகிறது என்பதும், மருந்தை எந்த நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதும், ஃபென்னர் எலிகளைக் கொன்று அறிந்ததைப் போல அல்லாமல், உயிரோடிருக்கும் ஒரே உடலிலிருந்து தெரியவரும்.